இரண்டாம் தடவை பிடிபட்டால்...



சென்ற இதழில் வாடகை வீட்டு அட்வான்ஸ் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதக் கட்டில், விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு கடிதம் இருந்தது. நான்கு பக்கம், நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார் ஒரு வாசகி. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போடவில்லை.

அவர் எழுதியதன் சாரம் இதுதான்: "எங்க தெருக்கோடி வீட்டிலே ஒருத்தி குடியிருக்கா. போன மாசம் போலீஸ் வந்து கூட்டிக்கிட்டுப் போச்சு. இது மூணாவது தடவையாம். நாலே நாளிலே திரும்பி வந்துட்டா. வயசுப் பெண்ணை வீட்டிலே வச்சுக்கிட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது? ஒரு தடவைன்னா மன்னிக்கலாம். திரும்பத் திரும்பப் பிடிபடுறவளைச் சட்டம் ஏன் விட்டுடுது? நாலஞ்சு வருஷம் உள்ளே வச்சுத் திருத்தக் கூடாதா? இல்லே, ஊரை விட்டாவது அனுப்பக் கூடாதா?"

கடிதத்தில் கோபம் இருக்கிறது. கேள்வி நியாயமான கேள்விதான். இதைப் பற்றி நம் பத்திரிகையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாமல் இருப்பதால்தான் இதைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது. இலவச சட்ட உதவி வழக்கறிஞராகச் சில வருஷங்கள் கோர்ட் வராந்தாவில் நின்று இந்த மாதிரி கேஸ்களைப் பார்த்தவள் நான். அந்த முறையில் பதில் சொல்கிறேன்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

1950-ல் நியூயார்க்கில், பெண்களை விலை பேசும் வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று ஓர் உலக ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதை ஒட்டி 1956-ல் நம் பார்லிமெண்ட் ஒரு சட்டம் இயற்றி, 1958 மே 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. 1978-லும் 1986-லும் அதைத் திருத்தினார்கள். நாம் விபசாரத் தடுப்புச் சட்டம் என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பப்படி இந்தத் தொழிலில் இருப்பதையே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை! விடுதி நடத்துவது குற்றம். அவள் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது குற்றம். ஆள் பிடித்துக் கொடுப்பது குற்றம். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு 200 மீட்டருக்குள் தொழில் செய்வது குற்றம். இதிலே வந்து போகும் ஆணுக்கும் தண்டனை உண்டு. பொது இடத்தில் நின்று ஆளைக் கூப்பிடுவது குற்றம். மற்றபடி, தன் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டை விடுதி என்றுகூடச் சட்டம் சொல்லாது. 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை எடுத்துச் சொல்லி, ஒரு வருஷம் காப்பகத்தில் இருக்கும்படி உத்தரவிடப்பட்டிருந்த மூன்று இளம்பெண்களை விடுவித்தது. வயது வந்தவர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் அடைத்து வைக்க முடியாது என்றும் சொன்னது.

பதினெட்டு வயது ஆகாத பெண் பிள்ளை என்றால் கதையே வேறு. அங்கே விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் குழந்தை குற்றவாளி இல்லை, குற்றத்துக்கு ஆளானவள். நான் இங்கே பேசுவது வயது வந்தவர்களைப் பற்றி மட்டும்.

அந்தப் பெண்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் எட்டாவது பிரிவு. வார்த்தையாலோ சைகையாலோ, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தோ, மாடியில் நின்றோ ஆளைக் கூப்பிட்டால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் தடவை என்றால் ஒரு வருஷம் வரை சிறை, அதோடு அபராதமும் உண்டு. அதே காரியத்தை ஓர் ஆண் செய்தால்? குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று மாதம். அவ்வளவுதான்! இரண்டாம் தடவைக்குத் தனிக் கணக்கு ஆணுக்குக் கிடையாது. இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்களேன்.

1978-ல் இன்னொரு பிரிவையும் சேர்த்தார்கள். பொது இடத் தொழில், ஆளைக் கூப்பிடுதல் ஆகிய இரண்டு குற்றங்களுக்கும், பெண்ணாக இருந்தால், சிறைக்குப் பதிலாகத் திருத்தும் நிலையத்துக்கு அனுப்பலாம். எத்தனை காலம்? குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம். ஆறு மாதத்துக்குப் பிறகு, இனி உழைத்துப் பிழைப்பாள் என்று நம்பிக்கை ஏற்பட்டால் நிபந்தனையோடு வெளியே விடலாம் என்றும் இருக்கிறது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். தண்டனை என்றால் மிஞ்சிப்போனால் ஒரு வருஷம். திருத்தம் என்றால் ஐந்து வருஷம் வரை!

ஊரை விட்டு அனுப்புவதும் சட்டத்தில் இருக்கிறது. இருபதாவது பிரிவின்படி, பொதுமக்கள் நலனுக்காக அவசியம் என்று மாஜிஸ்திரேட் நினைத்தால், ஒரு பெண்ணை அந்த வட்டாரத்தை விட்டே வெளியேறச் சொல்லலாம். கான்பூரில் சில பெண்களுக்கு அப்படி நோட்டீஸ் போனது. அவர்கள் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஆனால் 1963-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆக, நம் வாசகி கேட்கிற எல்லாமே சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. கூடுதல் தண்டனை இருக்கிறது. உள்ளே வைத்துத் திருத்துவது இருக்கிறது. ஊரை விட்டு அனுப்புவது இருக்கிறது. இன்று நேற்று இல்லை, பல பத்து வருஷங்களாக இருக்கின்றன. அப்படியும் மூன்றாவது தடவை என்று கடிதம் வருகிறதே, ஏன்?

நடுவிலே என்ன நடக்கிறது?

வீட்டிலே குழந்தைக்கு டைபாய்டு வருகிறது. மருந்து கொடுக்கிறோம், சரியாகிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி காய்ச்சல். மூன்றாவது முறையும் வந்தால், மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவோமா? தண்ணீரைக் கொதிக்க வைத்தோமா, வெளியே எங்கே சாப்பிட்டது என்றுதானே பார்ப்போம்? முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவிலே இருக்கிற நாட்களைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். அந்த நாட்களைப் பற்றிச் சட்டம் அதிகம் பேசுவதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எட்டாவது பிரிவில் பிடிபட்ட பெண், பெரும்பாலும் வழக்கை நடத்துவதில்லை. "தப்பு பண்ணினாயா?" என்றால் "ஆமாங்க" என்று தலையாட்டிவிடுவாள். உண்மையிலேயே அன்றைக்கு அவள் யாரையும் கூப்பிட்டாளா, பஸ்ஸுக்குத்தான் நின்றாளா என்று யாரும் கேட்பதில்லை. வழக்காடினால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும். வீட்டில் குழந்தை தனியாக இருக்கிறதே! ஆனால் அன்று தலையாட்டியது, அடுத்த முறை அவளை "இரண்டாம் தடவை" ஆக்கிவிடுகிறது. அது அவளுக்குத் தெரியாது.

சட்டம் போடும் அபராதம் 500 ரூபாய்தான். ஆனால் செலவு 500 ரூபாயோடு நிற்காது. ஜாமீன்தாரருக்கு, எழுதிக் கொடுப்பவருக்கு, ஆட்டோவுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரிக்கு... எல்லாம் சேர்ந்து சில ஆயிரங்கள் ஆகிவிடும். அந்தப் பணத்தை உடனே கொடுக்கக்கூடிய ஒரே ஆள் தரகர்தான். கொடுத்த பணத்தை எப்படித் திருப்பி வாங்குவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்த அன்று சாயங்காலமே அவள் கடன்காரி!

காப்பகத்திலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முப்பது வயதைத் தாண்டியவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். இரண்டு பிள்ளைகள். ஒரு வருஷம் உள்ளே இருந்தாள். தையல் நன்றாகவே கற்றுக்கொண்டாள். காஜா எடுப்பது முதல் ஜாக்கெட் வெட்டுவது வரை. சர்டிபிகேட்கூடக் கொடுத்தார்கள். "நல்லாத்தாம்மா பாத்துக்கிட்டாங்க, மூணு வேளைச் சோறு" என்றுதான் சொன்னாள். குறை சொல்லவில்லை.

"அப்புறம் ஏம்மா மறுபடியும்?" என்று கேட்டேன்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருந்த வாடகை வீடு கைவிட்டுப் போயிருந்தது. சாமான்களை வீட்டுக்காரர் பாக்கிக்கு எடுத்துக்கொண்டார். ரேஷன் கார்டு மாமியார் வீட்டில். ஆதார் கார்டு எங்கே என்றே தெரியவில்லை. அக்கா வீட்டுக்குப் போனால், "உன் பிள்ளைகளை வச்சுக்கிறேன், நீ மட்டும் இங்கே வராதே" என்றாளாம். தையல் கற்றவளுக்குத் தையல் மெஷின் இல்லை. ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"அன்னிக்கு நான் வெளியே வரும்போது வாசல்லே ஆட்டோவோட நின்னது அந்த அக்கா மட்டும்தாம்மா. எங்க சொந்தத்திலே ஒருத்தரும் வரலே."

அந்த அக்கா என்றால் யார் என்று தெரிகிறதா? தரகு வேலை பார்க்கிறவள். ஒரு வருஷம் காத்திருந்து, விடுதலை நாளைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அரசாங்கத்துக்கு அந்தத் தேதியோடு வேலை முடிந்துவிட்டது. அவளுக்கு அந்தத் தேதியில்தான் வேலை ஆரம்பம்.

இதுதான் நான் சொல்ல வருவது. இரண்டாவது குற்றம் பெரும்பாலும் இந்த வாசலில்தான் முளைக்கிறது. பூட்டி வைக்கும் காலத்தை நீட்டினால் வாடகை வீடு போகும், பிள்ளைகள் கையை விட்டுப் போவார்கள், வேலை பழக்கம் போகும். இரண்டு வருஷம் கழித்து அதே வாசல், அதே ஆட்டோ. அதனால்தான் திரும்பத் திரும்பப் பிடிபடும் பெண்ணுக்குத் தண்டனையைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரக்கம் மட்டும் காரணம் இல்லை. அது பலன் தராத வைத்தியம்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை

பூட்டி வைப்பதால் நோய் பரவாது என்று சிலர் நினைக்கிறார்கள். இதற்கு நம் சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும் செய்த ஆராய்ச்சி அது. போலீஸ் பிடித்து அரசு இல்லத்தில் வைத்திருந்த பெண்களிடமும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஆறு பேருக்குக் கிருமி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வருத்தமான விஷயம். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களை, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த பிறகும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் விடிவு வந்தது. உள்ளே இருந்த சில பெண்களைத் தடுத்து வைத்ததால் வெளியே நோய் நின்றுவிட்டதா? இல்லையே! பரிசோதனைக்குப் போனால் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் வந்தால், யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்?

கல்கத்தாவில் வேறு வழியில் போனார்கள். சோனாகாச்சி என்ற பகுதியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா ஒரு சுகாதாரத் திட்டம் ஆரம்பித்தார். அங்கிருந்த பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பழக்கி, ஆணுறை, பரிசோதனை, சிகிச்சை பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வைத்தார். ஆனால் கடனில் மாட்டிய பெண்ணால் வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்ல முடியவில்லை. அதனால் 1995-ல் அவர்களே நடத்தும் உஷா கூட்டுறவுச் சங்கம் வந்தது. சிறுகச் சிறுகச் சேமிக்கலாம், நியாயமான வட்டிக்குக் கடன் வாங்கலாம். கந்துவட்டிக்காரரிடமும் தரகரிடமும் கை நீட்ட வேண்டாம். நம் மகளிர் சுய உதவிக் குழு மாதிரிதான்.

மறுவாழ்வு என்றால் என்ன?

2011-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் கல்கத்தாவில் கொலையுண்ட ஒரு பெண்ணின் வழக்கு வந்தது. கொலைகாரனின் தண்டனையை உறுதி செய்ததோடு நீதிபதிகள் நிற்கவில்லை. இந்தப் பெண்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வேண்டும் என்று அவர்களாகவே வழக்கை நீட்டி, அந்த வருஷமே ஒரு குழு அமைத்தார்கள். குழுவிடம் கொடுத்த வேலைகளில் ஒன்று: தொழிலை விட விரும்புகிறவர்களுக்கு மறுவாழ்வு. 'விட விரும்புகிறவர்களுக்கு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கையைக் கட்டி இழுத்து வந்து கொடுப்பது மறுவாழ்வு இல்லை.

2022 மே 19-ல் வந்த உத்தரவு இன்னும் தெளிவு. காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து, குறித்த காலத்துக்குள் விடுதலை செய்ய நடவடிக்கை எடுக்க வேண்டும். போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. பத்திரிகைகள் அவர்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. விடுதியில் சோதனை நடக்கும்போது அந்தப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்றும் குழு சொல்லியிருந்தது. அந்த மாதிரி சில சிபாரிசுகளில் மத்திய அரசுக்கு அப்போது உடன்பாடு இல்லை.

உபயோகமான இன்னொரு விஷயம்: இருப்பிடச் சான்று இல்லாத பெண்ணுக்கும் ஆதார் கிடைக்க அந்த உத்தரவு வழி செய்திருக்கிறது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் சான்றிதழ் கொடுத்தால் போதும். கார்டில் தொழிலைக் காட்டும் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. ஆதார் இருந்தால் பாங்க் கணக்கு வரும். பாங்க் கணக்கு வந்தால் தரகரின் இரும்புப் பெட்டி வேண்டாம். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் காப்பகத்தின் தையல் சர்டிபிகேட்டைவிட இது பெரிய மறுவாழ்வு.

கடத்தப்பட்ட பெண்களுக்காக மத்திய அரசு 2007-ல் உஜ்ஜாவலா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது (காஸ் அடுப்புத் திட்டம் இல்லை, அது வேறு). 2022-ல் அதை வேறொரு திட்டத்தோடு சேர்த்து 'சக்தி சதன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, சட்ட உதவி, தொழில் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் இந்த மாதிரி எந்தத் திட்டத்தையும் நான் ஒரே கேள்வியால் அளப்பேன்: அவள் வெளியே வந்த பிறகு ஒரு வருஷம் அவளோடு யார் இருக்கிறார்கள்? வீட்டு அட்வான்ஸ் யார் கொடுக்கிறார்கள்? பிள்ளையை எங்கே விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போவாள்?

யாருடைய கணக்கை எண்ண வேண்டும்?

'மறுபடியும் மறுபடியும்' குற்றம் செய்கிறவர்களைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. யாரை என்பதில்தான் வித்தியாசம். விடுதி நடத்துகிறவருக்கு முதல் தடவை ஒன்று முதல் மூன்று வருஷம். மறுபடி செய்தால் இரண்டு முதல் ஐந்து வருஷம். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கு மூன்று முதல் ஏழு வருஷம். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில், குழந்தைகளைக் கடத்தி ஒரு தடவைக்கு மேல் தண்டனை பெற்றவனுக்கு ஆயுள் முழுக்கச் சிறை. இந்தப் பிரிவுகள் எல்லாம் இருக்கட்டும், நன்றாக உபயோகப்படட்டும்!

ஆனால் தெருவில் நிற்பவளைப் பிடிப்பது சுலபம். அவளுக்கு வக்கீல் இல்லை, ஜாமீனுக்கு ஆள் இல்லை, தலையாட்டிவிடுவாள். விடுதி முதலாளியோ வாடகைக்கு எடுத்த வீட்டில், இன்னொருவர் பெயரில் நடத்துகிறவர். சாட்சி வேண்டும், கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும். அதனால் ஏட்டில் அவளுடைய 'தடவை' ஏறிக்கொண்டே போகிறது. அவருடையது பூஜ்யத்திலேயே நிற்கிறது.

நான் மாஜிஸ்திரேட் இல்லை. சட்டம் செய்கிறவளும் இல்லை. ஆனால் என் அபிப்பிராயத்தைச் சொல்லலாம் இல்லையா? எட்டாவது பிரிவில் பெண்ணுக்கு 'இரண்டாம் தடவை' என்ற கூடுதல் தண்டனையை எடுத்துவிட வேண்டும். தலையாட்டும் முன்பு சட்ட உதவி வக்கீல் ஒருவர் அவளோடு ஐந்து நிமிஷமாவது பேச வேண்டும். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. இரண்டு வருஷம், ஐந்து வருஷம் என்று திருத்தும் நிலையத்தில் வைப்பதை அவள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. அதற்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியை, வெளியே வந்த முதல் வருஷத்துக்கு ஒதுக்க வேண்டும்.

"சரி, எல்லாம் செய்தும் அவள் தொழிலை விட மாட்டேன் என்றால்?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். "வீட்டு வேலை செஞ்சா என் பிள்ளை ஃபீஸ் கட்ட முடியுமா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவளும் உண்டு. அது நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவளைச் சிறையில் போட முடியாது. கதவைத் திறந்து வைக்கலாம். இன்று வராதவள் அடுத்த வருஷம் வருவாள். தானே வந்து 'என்னைக் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பம் கொடுக்க இதே சட்டத்தின் பத்தொன்பதாவது பிரிவில் வழி இருக்கிறது. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் பங்கு

கடிதம் எழுதிய சகோதரிக்கு இப்போது நேராகவே சொல்கிறேன். உங்கள் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ராத்திரியில் தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டினால் யாருக்கும் நடுக்கம் வரத்தான் செய்யும். அப்படித் தட்டுகிற ஆண் மீது புகார் கொடுங்கள். உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. யாராவது அவளைக் கட்டாயப்படுத்தி வைத்திருப்பதாகவோ, சின்னப் பெண்களைக் கொண்டுவருவதாகவோ தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அவளை ஊரை விட்டு அனுப்பினால் அவள் மறைந்துபோக மாட்டாள். இன்னொரு ஊரில், இன்னொரு தெருக்கோடி வீட்டில் இருப்பாள். அங்கிருந்து இன்னொரு வாசகி எனக்கு எழுதுவார்.

மற்ற சகோதரிகளுக்கும் சில வார்த்தைகள்.

தினசரியில் 'அழகிகள் கைது' என்று போடுகிறார்களே, அதை ரசித்துப் படிக்காதீர்கள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஓடும் பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில், அந்த அறையில் இருந்த ஆணின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அடையாளம் தெரியும்படி போட்டிருந்தால் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். அந்தப் படம்தான் அவளைக் கம்பெனி வேலையிலிருந்து துரத்துகிறது.

உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்பா பெயர் சொல்லத் தயங்கும் குழந்தை இருந்தால் கேள்வி கேட்காதீர்கள். இந்தப் பெண்களின் குழந்தைகளுக்கும் சம வாய்ப்பும் கௌரவமும் உண்டு, தாயின் பெயரால் களங்கம் கற்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லியிருக்கிறது.

சமூக சேவையில் ஈடுபாடு உள்ள பெண்களுக்கு இந்தச் சட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. மீட்கப்பட்ட ஒரு பெண்ணை என்ன செய்வது என்று முடிவு செய்ய, மாஜிஸ்திரேட் ஐந்து பேர் கொண்ட குழுவை உதவிக்கு அழைக்கலாம். கூடுமானவரை அதில் மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும். மாதர் சங்கத்திலோ சேவை சங்கத்திலோ இருப்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, இந்த மாதிரி வேலைக்குத் தயாராக இருப்பதாகச் சொல்லலாம். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி பற்றி விசாரிக்கலாம்.

அப்புறம் வேலை. சின்னத் தையல் கடை, ஊறுகாய், அப்பளம் என்று நாலு பேரை வைத்துத் தொழில் நடத்தும் வாசகிகள் பலர் எனக்கு எழுதுகிறீர்கள். காப்பகத்திலிருந்து வெளியே வரும் ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் வேலை கொடுத்துப் பாருங்கள். அவள் எங்கிருந்து வந்தாள் என்பது உங்களோடு இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. விடுதலை நாளன்று காலையில் வாசலில் போய் நிற்க உங்களால் முடிந்தால் இன்னும் நல்லது. அந்த ஆட்டோ வருவதற்கு முன்னால் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் மாற்று அபிப்பிராயம் உள்ளவர்களும் தாராளமாக எழுதுங்கள். அடுத்த இதழில், வீட்டு வேலை செய்யும் பெண்களின் சம்பளம், லீவு பற்றிப் பார்க்கலாம்.